மெழுகுவர்த்தியும் கார்டைட்டும்: எரிவேகத்தின் வரலாற்றில் அருவங்காடு

அருவங்காடு நீலகிரி மாவட்டத்தில் குன்னூருக்கும் உதகமண்டலத்துக்கும் இடையே, ஜெகதளா பேரூராட்சிப் பகுதியில் அமைந்த ஊர். மலை இரயிலில் செல்வோர் வெல்லிங்டனைத் தாண்டியதும் இந்த நிலையத்தைக் காண்பர். இவ்வூரை வெளியுலகம் அறிந்தது கார்டைட் தொழிற்சாலையால். 1903இல் தோற்றம் பெற்ற அந்த ஆலை, துப்பாக்கிக்கும் பீரங்கிக்கும் வேண்டிய புகையற்ற வெடிமருந்தைத் தயாரிப்பதற்காக ஆங்கில அரசால் நிறுவப்பட்டது. ஒரு வெடிமருந்து ஆலை ஏன் கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கும் மேலான மலைமேல் அமைந்தது என்று கேட்டால், பாதுகாப்பு, தண்ணீர், பக்கத்தில் படைத்தளம் என்று பொதுவாக விடை சொல்வார்கள். அவை சரியான விடைகளே. ஆனால் எரியும் பொருளுக்கும் சுற்றுப்புற வெப்பநிலைக்கும் உள்ள உறவைப் பார்க்காமல் அந்த ஊரின் வரலாற்றை முழுமையாகப் புரிந்துகொள்ள இயலாது. அந்த உறவை விளக்க எளிய பொருள் ஒரு மெழுகுவர்த்தி. ஆகவே அங்கிருந்தே தொடங்கலாம்.

மெழுகுவர்த்தி எப்படித் தன் வேகத்தைத் தானே தீர்மானிக்கிறது?

பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் அடிக்கடி வைக்கப்படும் சோதனை ஒன்று உண்டு. ஒரே அளவுள்ள மெழுகுவர்த்திகளில் ஒன்றைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தெடுத்தும், மற்றொன்றை அறை வெப்பநிலையிலும், இன்னொன்றை வெயிலில் வைத்தும் ஏற்றுவார்கள். ஒரு மணி நேரத்தில் எது எவ்வளவு எடை குறைந்தது என்று நிறுப்பார்கள். பெரும்பாலும் வேறுபாடு மிகச் சிறிதாகவே வரும். "வெப்பநிலைக்கும் எரிவேகத்துக்கும் தொடர்பில்லை" என்று மாணவர் எழுதிவிடுவதும் உண்டு. அது பாதி உண்மைதான்.

மெழுகுவர்த்தியில் எரிவது திடமான மெழுகு அன்று. திரவ மெழுகும் அன்று. சுடரின் வெப்பத்தில் மெழுகு உருகுகிறது. உருகிய மெழுகு திரியின் நுண்ணிய இடைவெளிகள் வழியே மேலேறுகிறது. திரியின் நுனியில் அது ஆவியாகிறது. அந்த ஆவியே காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் கலந்து எரிகிறது. எரிவதால் பிறக்கும் வெப்பத்தில் ஒரு சிறு பங்கு கீழே திரும்பி அடுத்த துளி மெழுகை உருக்குகிறது. இந்தச் சுழற்சியைச் சிறுவர்களுக்கும் விளங்கும்படி எடுத்துரைத்தவர் மைக்கேல் ஃபாரடே. இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1860–61 கிறிஸ்துமஸ் காலத்தில் அவர் மெழுகுவர்த்தியைப் பற்றி ஆற்றிய ஆறு சொற்பொழிவுகள் 1861இல் நூலாக வந்தன. இன்றும் அச்சில் உள்ள அறிவியல் நூல்களில் அதுவும் ஒன்று.

சுழற்சியின் அளவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். சாதாரண மெழுகுவர்த்தி மணிக்கு ஏறத்தாழ 7 கிராம் எரிகிறது என்று கொள்வோம். ஒரு கிராம் பாரஃபின் மெழுகு எரிந்தால் சுமார் 43,000 ஜூல் வெப்பம் வெளிப்படும். அதாவது ஒரு மெழுகுவர்த்தி 80 வாட் அளவிலான அடுப்பு. அதே ஒரு கிராம் மெழுகை அறை வெப்பநிலையிலிருந்து உருக்கி, சூடேற்றி, ஆவியாக்கத் தோராயமாக 1,200 ஜூல் போதும். வெளிப்படும் வெப்பத்தில் நூற்றுக்கு மூன்று பங்கு கீழே திரும்பினாலே சுடர் நிலைத்துவிடும்.

இப்போது மெழுகு 35 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இருப்பதற்குப் பதிலாக 10 பாகையில் இருந்தால் என்ன ஆகும்? கூடுதலாகத் தேவைப்படுவது கிராமுக்கு 55 ஜூல் அளவுதான். 1,200இல் 55 என்பது 5 விழுக்காட்டைத் தொடாது. எனவே சென்னையின் கோடைக்கும் குன்னூரின் மார்கழிக்கும் இடையே மெழுகுவர்த்தியின் எரிவேகத்தில் ஐந்து விழுக்காடு அளவிலேயே மாற்றத்தை எதிர்பார்க்கலாம். திரியின் நீளம், காற்றோட்டம், மெழுகின் கலவை ஆகியவை இதைவிடப் பெரிய மாற்றத்தை உண்டாக்கும். பள்ளிச் சோதனையில் வேறுபாடு மறைந்துபோவது இதனால்தான். வேறுபாடு இல்லாமல் இல்லை. மற்றவற்றின் இரைச்சலில் அது அடங்கிவிடுகிறது. (கொதிக்கும் வெயிலில் மெழுகுவர்த்தி "வேகமாகத் தீர்ந்துபோவது" வேறு காரணத்தால். பக்கச் சுவர் இளகி மெழுகு வழிந்து வீணாகிறது. அது எரிந்து தீரவில்லை.)

மலையுச்சியில் எரித்துப் பார்த்தவர்கள்

குளிரைப் போலவே மலைக்கு இன்னொரு குணம் உண்டு. அங்கே காற்றழுத்தம் குறைவு. அருவங்காட்டின் உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதைப் போல ஐந்தில் நான்கு பங்குதான். எரிவேகத்தைப் பாதிப்பது குளிரா, அழுத்தமா என்பதைப் பிரித்தறிய 19ஆம் நூற்றாண்டில் இரு சோதனைகள் நடந்தன. ஒன்று ஐரோப்பாவில். மற்றது நம் பக்கத்தில்.

1859இல் எட்வர்ட் ஃபிராங்க்லேண்ட் என்னும் வேதியியலாளர், ஜான் டிண்டலுடன் ஆல்ப்ஸ் மலையின் மோன் பிளாங்க் சிகரத்தில் ஏறி ஓர் இரவைக் கழித்தார். கையோடு மெழுகுவர்த்திகளையும் கொண்டுபோயிருந்தார். அடிவாரத்துச் சாமோனி ஊரில் அவை மணிக்குச் சராசரி 9.4 கிராம் எரிந்தன. 4,800 மீட்டர் உயரமுள்ள உச்சியில் 9.2 கிராம். சுடரின் ஒளி மட்டும் வெகுவாக மங்கிப்போனது. காற்றின் அடர்த்தி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தும் எரிவேகம் அப்படியே இருந்தது வியப்புக்குரியது. உச்சியின் கடுங்குளிரை நினைத்தால், அந்தச் சிறு குறைவுக்கு அதுவே போதுமான காரணம்.

ஃபிராங்க்லேண்ட் இத்துறையில் இறங்கியதற்கு ஒரு தூண்டுதல் தென்னிந்தியாவிலிருந்து வந்தது. மிட்செல் என்னும் படைத்துறை அலுவலர் பீரங்கிக் குண்டுகளின் நேரத்திரிகளை வெவ்வேறு உயரங்களில் கொளுத்தி, அவை எரிந்து முடியும் நேரத்தைக் குறித்து 1855 அளவில் வெளியிட்டிருந்தார். நேரத்திரி என்பது குழாயில் இறுக்கி அடைத்த கருமருந்து. குண்டு பறந்துசென்று எத்தனை நொடியில் வெடிக்கவேண்டும் என்பதை அந்தத் திரியின் நீளமே தீர்மானிக்கும். சமவெளியில் 14 நொடி அளவில் எரிந்த திரி, நீலகிரி மலைமேல் 7,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் 18 நொடி எடுத்துக்கொண்டது. நான்கு நொடி என்பது படிப்பவருக்குச் சிறிதாகத் தோன்றலாம். பீரங்கி வீரருக்கு அது, குண்டு இலக்கின் தலைக்கு மேல் வெடிப்பதற்கும் தரையில் விழுந்து செருகிக்கொள்வதற்கும் உள்ள வேறுபாடு.

ஒரே மலைக்காற்றில் மெழுகுவர்த்தி மாறாமல் எரிய, கருமருந்து மட்டும் ஏன் தாமதிக்கிறது? கருமருந்து தனக்கு வேண்டிய ஆக்சிஜனை வெடியுப்பாகத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. ஆகவே வெளிக்காற்றின் ஆக்சிஜன் குறைவது அதற்குப் பொருட்டன்று. அதன் வேகத்தைத் தீர்மானிப்பது, எரிந்த வாயுவின் சூடு அடுத்த அடுக்கைத் தொடும் நெருக்கம். வெளி அழுத்தம் குறைந்தால் சூடான வாயு விரைவாக விலகி ஓடிவிடுகிறது. அடுத்த அடுக்குக்குக் கிடைக்கும் வெப்பம் குறைகிறது. அழுத்தம் கூடினால் மறுதலை. துப்பாக்கியின் அடைபட்ட அறைக்குள் நடப்பது இந்த மறுதலைதான். இதைக் கணிதமாக்கியவர் பிரான்சின் பால் வியேய். எரிவேகம் அழுத்தத்தின் ஒரு அடுக்காக உயர்கிறது என்ற அவரது 1893ஆம் ஆண்டு விதியை உந்துமருந்துப் பொறியாளர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

கயிறாகப் பிழிந்த வெடிமருந்து

புகையற்ற வெடிமருந்துகளில் முதலில் வெற்றி கண்டவரும் இதே வியேய்தான். 1884இல் வெடிபஞ்சை இளக்கிக் கூழாக்கி அவர் செய்த மருந்து பிரெஞ்சுப் படையின் துப்பாக்கியை மாற்றியது. 1887இல் ஆல்பிரட் நோபல், வெடிபஞ்சையும் நைட்ரோகிளிசரினையும் சேர்த்துப் பாலிஸ்டைட் செய்தார். ஆங்கில அரசின் வெடிமருந்துக் குழுவில் இருந்த ஃபிரெடரிக் ஏபெல், ஜேம்ஸ் டிவார் இருவரும் 1889இல் அதற்கு நெருங்கிய உறவான மற்றொன்றை உருவாக்கினர். 58 பங்கு நைட்ரோகிளிசரின், 37 பங்கு வெடிபஞ்சு, 5 பங்கு வாசலின். அசிட்டோனில் இளக்கி, இடியாப்பம் பிழிவதுபோல் அச்சுத் துளை வழியே பிழிந்து, கயிறு கயிறாக உலர்த்தினார்கள். கயிற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்தே கார்டைட் என்ற பெயர் வந்தது. தன் கண்டுபிடிப்பைக் களவாடிவிட்டதாக நோபல் வழக்குத் தொடர்ந்து, 1895இல் பிரபுக்கள் அவை வரை சென்று தோற்றார். (இந்த வழக்கில் நீதி வென்றதா, காப்புரிமைப் பத்திரத்தின் சொல் வென்றதா என்பது இன்னும் விவாதத்துக்குரியது. நோபலின் பக்கம் நியாயம் மிகுதி என்பதே இக்கட்டுரையாளரின் எண்ணம்.)

இழையாகப் பிழிந்ததற்குக் காரணம் உண்டு. கார்டைட் மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி அடுக்கடுக்காக எரியும். இழையின் பருமன் தெரிந்தால் அது எவ்வளவு நேரம் எரியும் என்று சொல்லிவிடலாம். .303 துப்பாக்கித் தோட்டா ஒன்றுக்குள் 60 மெல்லிய இழைகளைக் கட்டாக வைத்தார்கள். பெரிய கப்பற்பீரங்கிக்கோ விரல் பருமனுள்ள கயிறுகளை மூட்டையாகக் கட்டினார்கள். மெழுகுவர்த்தியில் திரி செய்யும் வேலையை இங்கே இழையின் பருமன் செய்கிறது.

முதல் கார்டைட் மிகுந்த சூட்டுடன் எரிந்ததால் குழாயின் உட்பகுதியை அரித்தது. ஆழமற்ற வரிகளைக் கொண்ட லீ-மெட்ஃபோர்டு துப்பாக்கி அதைத் தாங்கவில்லை. 1895இல் லீ-என்ஃபீல்டு வந்தது. போயர் போருக்குப் பின் மருந்தின் கலவையையே மாற்றினர். நைட்ரோகிளிசரினை 30 பங்காகக் குறைத்து வெடிபஞ்சை 65 பங்காக உயர்த்தினார்கள். அருவங்காட்டு ஆலை எழுந்தபோது பேரரசின் படைகள் இந்தத் திருத்திய கார்டைட்டுக்கு மாறிக்கொண்டிருந்தன.

வெயிலில் வைத்த தோட்டா

இனி வெப்பநிலைக்கு வருவோம். கார்டைட் இழையும் மெழுகுவர்த்தியைப் போலவே, சுடரிலிருந்து திரும்பும் வெப்பத்தால் தன் அடுத்த அடுக்கைச் சிதைத்து எரிகிறது. முன்கூட்டியே சூடாக இருக்கும் இழைக்குக் குறைந்த வெப்பம் போதும். ஆகவே வேகமாக எரியும். திட உந்துமருந்துகளில், அழுத்தம் மாறாதபோது, ஒவ்வொரு பாகை உயர்வுக்கும் எரிவேகம் சுமார் 0.1 முதல் 0.9 விழுக்காடு வரை கூடுகிறது. 0.3 என்று வைத்துக்கொண்டால், 30 பாகை வேறுபாட்டுக்கு 9 விழுக்காடு.

மெழுகுவர்த்தியோடு ஒப்பிட்டால் இதுவும் பெரிய எண்ணாகத் தெரியாது. ஆனால் மெழுகுவர்த்தி திறந்த வெளியில் எரிகிறது. தோட்டா அடைபட்ட அறையில் எரிகிறது. வேகமாக எரிந்தால் வாயு விரைந்து சேரும், அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் வியேயின் விதிப்படி எரிவேகம் இன்னும் கூடும். ஒன்று மற்றொன்றைத் தூண்டிக்கொண்டே போகும் இந்தச் சுழலில், தொடக்கத்தில் இருந்த சிறு வேறுபாடு உச்ச அழுத்தத்தில் பெருகிவிடுகிறது. குண்டின் வேகம் கூடிக் குறி தப்புவது ஒரு சிக்கல். அறை வெடித்துச் சுடுபவரின் முகத்தைச் சிதைப்பது மற்றொன்று.

இங்கிலாந்தின் குளிரில் அளந்து நிரப்பிய தோட்டாவை இந்தியக் கோடையிலும் ஆப்பிரிக்க வெயிலிலும் சுட்டபோது இந்தச் சிக்கல் வெளிப்பட்டது. அந்தக் காலத்து வேட்டைத் துப்பாக்கிகளில் அதன் தடத்தை இன்றும் காணலாம். யானை, காட்டெருமை வேட்டைக்காக 1898 முதல் வந்த பெரிய கார்டைட் தோட்டாக்கள் தேவைக்கு மேல் பருத்த கூடுகளைக் கொண்டிருந்தன. 1911இல் வந்த .416 ரிக்பி தோட்டாவும் அப்படித்தான். கூடு பெரிதானால் அதே அளவு மருந்து குறைந்த அழுத்தத்தில் எரியும். வெப்பமண்டல வெயிலில் அழுத்தம் ஏறினாலும் ஆபத்தான எல்லையைத் தொடாது. வெப்ப நாடுகளுக்கென்று மருந்தைச் சற்றுக் குறைத்து நிரப்பிய தோட்டாக்களையும் தனியே விற்றார்கள்.

இதற்கு நேர்மாறான சிக்கல் பீரங்கிப் படையுடையது. குளிர்ந்த காலையில் சுட்ட குண்டு இலக்குக்கு முன்னே விழும். நண்பகலில் அதே கோணத்தில் சுட்டால் தாண்டிப்போகும். ஆகவே மருந்தின் வெப்பநிலையை அளந்து, அட்டவணையைப் பார்த்துக் கோணத்தைத் திருத்துவது பீரங்கி வீரர்களின் அன்றாட வேலையாயிற்று. இன்றைய நேட்டோ அட்டவணைகள் மருந்து 21 பாகை செல்சியஸில் இருப்பதாகக் கொண்டு கணக்கிடப்பட்டவை.

தீயில்லாமல் எரிவது

எரிவேகம் என்றதும் நாம் சுடரையே நினைக்கிறோம். கார்டைட்டோ கொளுத்தாமலேயே மெல்ல மெல்லச் சிதைந்துகொண்டிருக்கும். வெடிபஞ்சும் நைட்ரோகிளிசரினும் நைட்ரிக் அமிலத்தால் செய்த எஸ்டர்கள். அவற்றின் பிணைப்பு தளர்வானது. தளரும்போது வெளிவரும் நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்கள் மேலும் சிதைவைத் தூண்டுகின்றன. ஒவ்வொரு 10 பாகை உயர்வுக்கும் இந்தச் சிதைவு இரண்டு மூன்று மடங்காகலாம். 15 பாகையில் பல பத்தாண்டு தாங்கும் மருந்து, 45 பாகைக் கிடங்கில் சில ஆண்டுகளில் நம்பத்தகாததாகிவிடும். சிதைவின் வெப்பம் வெளியேற வழியில்லாமல் குவியலுக்குள் அடைபட்டால், ஒரு கட்டத்தில் தானே பற்றிக்கொள்ளும்.

வெடிபஞ்சின் தொடக்க வரலாறே இந்தப் பாடத்தால் நிரம்பியது. ஷோன்பைன் 1846இல் அதை அறிவித்தார். மறு ஆண்டே இங்கிலாந்தின் ஃபேவர்ஷாம் ஆலை வெடித்துத் தொழிலாளர்கள் மாண்டனர். பஞ்சின் நுண்துளைகளில் தங்கும் அமிலமே குற்றவாளி என்று கண்டு, 1865இல் பஞ்சைக் கூழாக அரைத்துக் கழுவும் முறையைக் கொண்டுவந்தவர் ஏபெல். மருந்து எவ்வளவு சிதைந்திருக்கிறது என்று அறிய அவர் வகுத்த வெப்பச் சோதனையும் எளிமையானது. சிறிதளவு மருந்தைக் குழாயிலிட்டுச் சூடாக்கி, மேலே தொங்கும் அயோடைடு-மாவுத்தாள் எத்தனை நிமிடத்தில் நிறம் மாறுகிறது என்று பார்ப்பார்கள். விரைவில் நிறம் மாறினால் அந்தச் சரக்கைக் கழித்துவிட வேண்டும்.

கார்டைட்டில் வாசலினைச் சேர்த்தது குழாயின் உட்புறம் வழவழப்பாக இருக்கட்டும் என்றுதான். சிதைவில் பிறக்கும் வாயுக்களை உறிஞ்சிக்கொண்டு அது மருந்தைக் காக்கிறது என்பது பிறகே தெரிந்தது. நல்வாய்ப்பு அறிவியலுக்கு உதவிய நிகழ்வுகளில் இது அதிகம் பேசப்படாத ஒன்று.

கடற்படைகள் இந்தப் பாடத்துக்குக் கொடுத்த விலை பெரிது. பிரான்சின் தூலோன் துறைமுகத்தில் 1907 மார்ச்சில் ஏனா என்னும் போர்க்கப்பலும், 1911 செப்டம்பரில் லிபர்ட்டே கப்பலும் தம் மருந்தறைகளிலேயே வெடித்து நூற்றுக்கணக்கானோரைப் பலிகொண்டன. இரண்டிலும் சிதைந்துபோன பழைய வெடிபஞ்சு மருந்தின்மேலேயே பழி விழுந்தது. 1914 நவம்பர் 26 அன்று மெட்வே ஆற்றில் நின்ற ஆங்கிலக் கப்பல் புல்வார்க் ஒரு நொடியில் சிதறி, 700க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கார்டைட் மூட்டைகளைக் கொதிகலன் அறையின் தடுப்புச் சுவரை ஒட்டி அடுக்கியிருந்ததே காரணம் என்று விசாரணை கருதியது. 1917 ஜூலையில் வேன்கார்டு கப்பல் 800க்கும் மேற்பட்டோருடன் அழிந்தபோதும், மருந்தறையை ஒட்டிய பகுதியில் சூடு ஏறியிருக்கலாம் என்ற ஐயமே முன்வந்தது. எந்தப் பகைவரும் சுடவில்லை. ஒரு சுவர் வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

மலையைத் தேர்ந்தெடுத்ததன் பொருள்

இந்தப் பின்னணியில் அருவங்காட்டைப் பார்த்தால் அதன் இருப்பிடம் புதிய பொருள் பெறுகிறது. வெல்லிங்டன் படைவீடு 1852இலேயே கட்டத் தொடங்கப்பட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை பல்சக்கர இரயில் 1899இல் ஓடத் தொடங்கியது. 1908இல்தான் உதகை வரை நீண்டது. அதாவது ஆலையின் முதல் இயந்திரங்கள் குன்னூர் வரை இரயிலிலும், அதற்குமேல் சாலை வழியாகவும் ஏறியாகவேண்டும். இவ்வளவு சிரமப்பட்டும் சமவெளியில் வசதியான இடத்தைத் தேடாதது கவனிக்கத்தக்கது.

நைட்ரோகிளிசரின் செய்யும் முறையை அறிந்தால் காரணம் புலப்படும். குளிர்ந்த நைட்ரிக், கந்தக அமிலக் கலவைக்குள் கிளிசரினைச் சிறுகச் சிறுக விடுவார்கள். வினையில் வெப்பம் பிறக்கும். அதைக் குளிர்நீர்க் குழாய்ச் சுருள்கள் உடனுக்குடன் வெளியே எடுக்கவேண்டும். கலவை 25 பாகை அளவைத் தாண்ட விடமாட்டார்கள். வெப்பமானி ஏறிச் செம்பழுப்புப் புகை கிளம்பினால் முழுக் கலவையையும் கீழேயுள்ள தண்ணீர்த் தொட்டிக்குள் கொட்டிவிட்டு ஓடுவதே வழி. ஸ்காட்லாந்தில் நோபலின் ஆர்டீர் ஆலையில், வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருப்பவர் தூங்கிவிடாமல் இருக்க ஒற்றைக்கால் முக்காலி கொடுத்திருந்தார்கள் என்பது இத்துறையில் புகழ்பெற்ற செய்தி. கிணற்றுநீரே 28 பாகையில் இருக்கும் சமவெளியில் 25 பாகைக்குக் கீழே குளிர்விப்பது எப்படி? இயந்திரக் குளிர்பதனம் விலைமிகுந்திருந்த 1900களில் அந்தக் குளிர்பதனப் பெட்டி நீலகிரிதான்.

சரிவு நிலமும் ஒரு வசதி. நைட்ரோகிளிசரினைக் குழாயில் எக்கி ஏற்றுவது ஆபத்து என்பதால், ஒவ்வொரு கட்டமாகத் தானே கீழே வழிந்தோடும்படி கட்டடங்களைப் படிப்படியாக அமைப்பது அக்கால வழக்கம். சமதரையில் இதற்காகச் செயற்கை மேடுகளை எழுப்ப வேண்டியிருந்தது. ஒரு கட்டடம் வெடித்தால் அடுத்ததைக் காக்க இடையே மண்கரையும் வேண்டும். மடிப்பு மடிப்பான மலை இவ்விரண்டையும் இயல்பாகவே தந்தது. மின்சாரத்துக்குக் காட்டேரி அருவி இருந்தது. அங்கே அமைந்த நீர்மின் நிலையம் தென்னிந்தியாவின் தொடக்ககால நீர்மின் முயற்சிகளில் ஒன்று. அதன் மின்சாரம் ஆலைக்குச் சென்றது.

ஆனால் குளிரிலும் ஓர் எல்லை உண்டு. இதைப் பலரும் கவனிப்பதில்லை. நைட்ரோகிளிசரின் 13 பாகை அளவிலேயே உறைந்துவிடும். உறைந்ததை உருக்குவது, திரவத்தைக் கையாளுவதைவிட அஞ்சத்தக்க வேலை. அருவங்காட்டில் மார்கழி, தை மாத இரவுகள் 10 பாகைக்கும் கீழே இறங்குபவை. அதாவது மே மாதப் பகலுக்கு ஏற்ற அந்தக் குளிர்ச்சியே சனவரி இரவில் எதிரியாகிறது. இத்தகைய ஆலைகளில் கட்டடங்களைச் சூடாக்க அடுப்பைப் பயன்படுத்த இயலாது. நீராவியோ வெந்நீரோ ஓடும் குழாய்களையே பயன்படுத்துவார்கள். அசிட்டோன் ஆவியாகி வெளியேற, பிழிந்த இழைகளை 40 பாகை அளவுள்ள உலர்த்தும் அறைகளில் வைக்கவேண்டும். மெல்லிய இழைக்குச் சில நாள், பருத்த கயிற்றுக்குப் பல வாரம். 13க்கு மேல், 25க்குக் கீழ், உலர்த்தும்போது 40, கிடங்கில் முடிந்தவரை குறைவு: கார்டைட் செய்பவரின் நாள் முழுவதும் வெப்பமானியின் மேல்தான் நகர்ந்தது.

அந்த நாளை வாழ்ந்தவர்கள் மலையின் படகர்களும், கோவை, மலபார், மைசூர்ப் பக்கங்களிலிருந்து வேலை தேடி ஏறிவந்தவர்களும். தீப்பெட்டியையும் பீடியையும் வாயிலிலேயே ஒப்படைத்து, ஆணியில்லாத காலணி மாட்டிக்கொண்டு உள்ளே போவது வெடிமருந்துத் தொழிலின் பொது ஒழுங்கு. இத்தனை ஒழுங்குக்கும் நடுவே அருவங்காட்டிலும் விபத்துகள் நடந்து உயிர்கள் போயிருக்கின்றன. ஆலையைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் இயந்திரங்களையும் உற்பத்தியையும் பேசுகின்றன. அந்தத் தொழிலாளர் குடும்பங்களின் வாய்மொழி வரலாறு தனியே தொகுக்கப்பட வேண்டிய ஒன்று.

பிற்கால மாற்றங்கள்

முதல் உலகப் போருக்குப் பின் கார்டைட்டின் வேதியியல் மெல்ல மாறியது. வாசலினின் இடத்தில், சிதைவைத் தடுப்பதற்கென்றே தேர்ந்தெடுத்த கார்பமைட் என்னும் பொருள் வந்தது. அசிட்டோன் இல்லாமலேயே சூடான உருளைகளில் அழுத்திச் செய்யும் முறை 1920களில் ஆங்கிலக் கடற்படைக்காக ஹோல்டன் ஹீத் ஆலையில் உருவானது. எரிசுடரின் சூட்டைக் குறைக்க நைட்ரோகுவானிடின் சேர்த்த மும்மைக் கலவை மருந்துகள் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பரவின. இயந்திரக் குளிர்பதனம் எளிதானபின் ஆலைகளுக்கு மலை தேவைப்படவில்லை. விடுதலைக்குப் பின் இந்தியாவில் எழுந்த பெரிய உந்துமருந்து ஆலைகள், மகாராட்டிரத்தின் பண்டாரா, மத்தியப் பிரதேசத்தின் இட்டார்சி போன்ற வெயில் மிகுந்த இடங்களிலேயே அமைந்தன.

அருவங்காட்டு ஆலை 2021 அக்டோபர் 1 முதல், படைக்கல ஆலைகள் வாரியம் கலைக்கப்பட்டு ஏழு நிறுவனங்களாகப் பிரிந்தபோது, புணேயைத் தலைமையிடமாகக் கொண்ட மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் வந்தது. பழைய முறைக் கார்டைட் வழக்கொழிந்துவிட்டாலும் பெயர்ப்பலகையில் அந்தச் சொல் தொடர்கிறது. உந்துமருந்தின் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, ஒரு பகுதியைச் சூடேற்றியும் ஒரு பகுதியைக் குளிரவைத்தும் எரித்து அழுத்தத்தை அளந்த பிறகே அதைப் படைக்கு அனுப்புவது இத்தொழிலில் இன்றும் மாறாத நடைமுறை. பள்ளிக் கண்காட்சியில் குளிர்ந்த மெழுகுவர்த்தியையும் வெயில் பட்ட மெழுகுவர்த்தியையும் பக்கத்தில் பக்கத்தில் ஏற்றி வைக்கும் மாணவர் செய்வதும் இதே சோதனையைத்தான்.